வேலியோரத்துச் சாசஃப்ராஸ்

2022 ஏப்ரல். இந்த வீட்டுக்குக் குடிவந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பின்புற வேலியை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு ஒரு புதர் மண்டிக் கிடந்தது. புல் வெட்ட வந்தவரிடம், "அதையும் வழித்துவிடுங்கள், சுத்தமாக இருக்கட்டும்" என்று சொன்னது நான்தான். அவர் இயந்திரத்தை முடுக்கி நாலைந்து தண்டுகளை வெட்டியிருப்பார். பக்கத்து வீட்டுப் பின்கதவு படாரென்று திறந்தது. எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, வீட்டுச் செருப்போடு, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"நிறுத்து! நிறுத்து! அது என் ஃபீலே!"

எனக்கு ஃபீலே என்றால் என்னவென்றே அப்போது தெரியாது. யாரோ எதையோ அங்கே தவறவிட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இயந்திரம் நின்றதும் அவர் குனிந்து, வெட்டுப்பட்ட ஒரு கிளையை எடுத்து, ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி என் மூக்குக்கு நேரே நீட்டினார். எலுமிச்சைத் தோலின் வாசனை. அதற்குப் பின்னால் ஏதோ ஒரு மசாலா வாசனை, பட்டைக்கும் சோம்புக்கும் நடுவில் எங்கேயோ. "சாசஃப்ராஸ்" என்றார். "இப்போது வாயில் போட்டு மெல்." மென்றேன். சில நொடிகளிலேயே நாக்கில் வழவழவென்று வெண்டைக்காய் போல ஆகிவிட்டது. "அதுதான்" என்றார். வேறெதுவும் விளக்கவில்லை.

நாங்கள் இருப்பது லூசியானாவில், பான்ட்சார்ட்ரெய்ன் ஏரிக்கு வடக்கே, செயின்ட் டாமனி பகுதியில். ஏரியின் தென்கரையில் நியூ ஆர்லியன்ஸ். இங்கே மூத்த பெண்களைப் பெயருக்கு முன்னால் 'மிஸ்' சேர்த்துக் கூப்பிடுவது வழக்கம். என் மகள் அதையெல்லாம் விட்டுவிட்டு, முதல் மாதத்திலேயே, இந்த ஊர்க் குழம்பான கம்போவின் பெயரால், அவருக்குக் கம்போ பாட்டி என்று பெயர் வைத்துவிட்டாள். அவருக்கும் அது பிடித்துப்போய்விட்டது. அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, இப்போது தொலைபேசியில் "நான் பாட்டி பேசுகிறேன்" என்றே ஆரம்பிக்கிறார். என்னை 'ஷா' என்பார். இந்தப் பக்கத்து பிரெஞ்சில் அது 'கண்ணு' மாதிரி.

அந்தப் புதருக்கும் ஒரு கதை இருந்தது. இரண்டு வீட்டுக்கும் எல்லையில் ஒரு பெரிய சாசஃப்ராஸ் மரம் நின்றிருந்தது. பாட்டி நாற்பது ஆண்டுகளாக அதில்தான் இலை பறித்து வந்திருக்கிறார். 2021 ஆகஸ்ட் 29 அன்று அடித்த ஐடா புயலில் அது வேரோடு சாய்ந்துவிட்டது. ஆனால் இந்த மரம் மண்ணுக்குள் கிடைமட்டமாக வேரை நீட்டி, அந்த வேரிலிருந்தே புதுக் கன்றுகளை எழுப்பும். தாய்மரம் போனாலும் மண்ணில் தங்கிய வேர்கள் சும்மா இருக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் வேலி நெடுக முளைத்து வந்த கன்றுகளைத்தான் நான் களை என்று நினைத்து வெட்டச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. மொத்தம் ஐந்து போயின. மற்றவை தப்பித்தன.

இலைகளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒரே மரத்தில், சில சமயம் ஒரே கிளையில், மூன்று விதமான இலைகள் இருக்கும். ஒன்று சாதாரண முட்டை வடிவம். இன்னொன்றில் ஒரு பக்கம் மட்டும் கட்டைவிரல் நீட்டியது போல ஒரு மடல், குளிருக்குப் போடும் விரல் பிரியாத கையுறை மாதிரியே. மூன்றாவதில் இரு பக்கமும் மடல் பிரிந்து மொத்தம் மூன்று. கையுறை இலையில் இடக்கை, வலக்கை இரண்டும் உண்டு. என் மகள் ஜோடி சேர்த்து இரண்டு கையிலும் ஒட்டவைத்துக்கொண்டு வருவாள். இளங்கன்றுகளில் மடல் பிரிந்த இலைகள் அதிகம். மரம் வயதாக ஆக முட்டை வடிவ இலைகள் கூடிவிடும். இலையுதிர் காலத்தில் மஞ்சள், ஆரஞ்சு, கருஞ்சிவப்பு என்று ஒரே கன்றில் எல்லாம் வரும். இலையுதிர் வண்ணம் அதிகம் பார்க்கக் கிடைக்காத இந்தத் தெற்குப் பகுதியில் அது பெரிய காட்சி.

இது லவங்கப்பட்டை, பிரிஞ்சி இலை, கற்பூர மரம், அவகாடோ எல்லாம் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த மரம். அந்த வாசனை எங்கோ பழக்கப்பட்டது போல இருந்ததற்கு அதுதான் காரணம். வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில், மேய்ன் மாநிலத்திலிருந்து ஃப்ளோரிடாவின் வடபகுதி வரை, மேற்கே கிழக்கு டெக்சாஸ் வரை, காட்டோரங்களிலும் கைவிட்ட வயல்களிலும் வேலியோரங்களிலும் தானாக வளர்கிறது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. வசந்தத்தில் இலை விடும் முன்பே மஞ்சள் பூ பூக்கும். பெண் மரத்தில் கருநீலப் பழம், சிவப்புக் காம்பின் நுனியில் கிண்ணத்தில் வைத்தது போல. பறவைகள் விடாது.

சரி, ஃபீலேவுக்கு, அதாவது இந்த இலையை இடித்துச் சலித்த தூளுக்கு, வருகிறேன்.

அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் பாட்டி என்னையும் மகளையும் இலை பறிக்கக் கூப்பிட்டார். அவருடைய அம்மா, ஆகஸ்ட் 15 மாதா திருநாள் முடிந்த பிறகுதான் இலையில் கை வைப்பாராம். அதையே இவரும் கடைப்பிடிக்கிறார். காலை எட்டு மணிக்குள் பனி காய்ந்ததும் ஆரம்பித்துவிட வேண்டும், அதற்கு மேல் இந்த ஊர் வெயிலில் நிற்க முடியாது. ஒரு கன்றை மொட்டையடிக்கக் கூடாது, கிளைக்குக் கிளை தாவி எடுக்க வேண்டும். பூச்சி அரித்ததும் பழுத்ததும் வேண்டாம்.

பறித்துக்கொண்டே போனபோது ஓர் இலை நீளவாக்கில் மடிந்து, விளிம்புகள் பட்டு நூலால் ஒட்டியது போல இருந்தது. அதைப் பிடுங்கப் போன என் கையைப் பாட்டி தட்டிவிட்டார். மெதுவாகப் பிரித்துக் காட்டினார். உள்ளே கட்டைவிரல் பருமனுக்குப் பச்சைநிறப் புழு ஒன்று. தலைப்பக்கம் இரண்டு பெரிய கறுப்புக் கண்கள், நடுவில் வெள்ளைப் புள்ளியோடு, நேராக நம்மையே பார்ப்பது போல. அவை உண்மையான கண்கள் இல்லை, தோலில் உள்ள புள்ளிகள். பறவைகளைப் பாம்பென்று பயமுறுத்துவதற்கு. ஸ்பைஸ்புஷ் ஸ்வாலோடெயில் என்ற கறுப்பு நீலப் பட்டாம்பூச்சியின் புழு அது. சாசஃப்ராஸும் அதன் சொந்தக்கார மரங்களும்தான் அதற்குச் சாப்பாடு. பாட்டி இலையைப் பழையபடி மடித்து விட்டுவிட்டார். "இது அவனுடைய வீடு, நமக்கு வேறு இலை இருக்கிறது."

பறித்த கிளைகளைச் சிறு கட்டுகளாகக் கட்டி, வண்டி நிறுத்தும் கொட்டகையின் உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டோம். வெயில் படக் கூடாது. வெயிலில் காய்ந்தால் பழுப்பாகி, வாசனையும் போய்விடும். நிழலிலும் காற்றிலும் காய்ந்தால் பச்சை நிற்கும். இங்கே காற்றில் ஈரம் ஜாஸ்தி என்பதால் பகலெல்லாம் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. பத்து நாள் ஆயிற்று. கையில் எடுத்து நசுக்கினால் அப்பளம் போல நொறுங்க வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் நரம்பெடுப்பு. காம்பையும் நடுநரம்பையும் கிழித்து எடுத்துவிட்டு, இலையின் மெல்லிய பகுதியை மட்டும் சேர்க்க வேண்டும். இதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. மூன்று பேர் உட்கார்ந்தும் ஒரு பிற்பகல் முழுக்கப் போனது. அதன்பிறகு உரல். பாட்டியின் தாத்தா காலத்தது. சைப்ரஸ் மரத்துண்டைக் குடைந்து செய்தது, இடுப்புயரம் இருக்கும். உலக்கையும் மரம்தான். இத்தனை தூரம் தாண்டி வந்து உரலும் உலக்கையும் பார்ப்பேன் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. உலக்கையை இரண்டு கையாலும் பிடித்துக் குத்த ஆரம்பித்ததும் பாட்டி, "ஓ, உனக்கு இது தெரியும்" என்றார். எனக்குத் தெரியாது, பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் கைக்குத் தெரிந்திருந்தது போலத்தான் இருந்தது.

குத்திக் குத்தி மெல்லிய சல்லடையில் சலித்து, கப்பியை மறுபடி உரலில் போட்டுக் குத்தி, மறுபடி சலித்து. கடைசியில் கிடைப்பது மருதாணிப் பொடி மாதிரி நைசான, சாம்பல் கலந்த பச்சைத் தூள். ஒரு பெரிய காகிதப் பை நிறைய இலை கொண்டுவந்தால் ஒரு சின்ன ஊறுகாய் பாட்டில் அளவுதான் தேறுகிறது. கடையில் மின்னரவை இயந்திரத்தில் அரைத்த ஃபீலே கிடைக்கிறது. வாங்கியும் பார்த்தேன். நிறம் காக்கியாக இருந்தது, வாசனை பாதிகூட இல்லை. பாட்டி சொல்லும் காரணம், இயந்திரத்தின் சூட்டில் வாசனை செத்துவிடுகிறது என்பது. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

இந்தத் தூளின் வேலை கம்போவில். கம்போ என்பது லூசியானாவின் கெட்டிக் குழம்பு. மாவை எண்ணெயில் செம்பழுப்பாகும் வரை கிளறி, அதில் வெங்காயம், குடைமிளகாய், செலரி மூன்றையும் வதக்கி, கோழியோ இறாலோ நண்டோ தொத்திறைச்சியோ சேர்த்து நிதானமாகக் கொதிக்கவிட்டு, சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடுவது. அதைக் கெட்டிப்படுத்தவும் மணமூட்டவும் இரண்டு வழி உண்டு. கோடையில் வெண்டைக்காய், வெண்டைக்காய் இல்லாத குளிர்காலத்தில் ஃபீலே. குளிர்பெட்டி வருவதற்கு முந்தைய கணக்கு இது. இன்றும் பாட்டி மாதிரியானவர்கள் இரண்டையும் ஒரே பானையில் போட மாட்டார்கள்.

முதல் பாட்டிலோடு வீட்டுக்கு வந்து நானே கம்போ வைத்தேன். என்னோடு வேலை பார்க்கும் இருவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். நம் வழக்கப்படி, பொடியென்றால் கொதிக்கும்போதுதானே போடுவோம். இரண்டு கரண்டி ஃபீலேவைத் தளதளவென்று கொதிக்கும் பானையில் போட்டு, இன்னும் பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன். கரண்டியைத் தூக்கினால் குழம்பு கூடவே எழுந்து வந்தது. நூல் நூலாக, அறுபடாமல், பசை மாதிரி. வந்தவர்கள் மரியாதைக்குச் சாப்பிட்டார்கள். எனக்கு மூன்று வாரத்து உழைப்பு போச்சே என்றிருந்தது. மறுநாள் பாட்டியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பேரிலேயே இருக்கிறதே, ஷா" என்றார். பிரெஞ்சில் ஃபீலே என்ற சொல்லுக்கு நூலாகத் திரித்தது என்று பொருள். கொதிக்கவிட்டால் நூலாகிவிடும் என்பதைப் பெயராகவே வைத்திருக்கிறார்கள். அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பிறகு தூவிக் கலக்கி மூடிவைக்க வேண்டும். மீந்து மறுநாள் சூடாக்க வேண்டியிருந்தால் பானையில் போடவே கூடாது, மேசையில் பாட்டிலை வைத்துவிட்டு அவரவர் தட்டில் தூவிக்கொள்ள வேண்டியதுதான். இப்போது எங்கள் வீட்டில் அப்படித்தான்.

கம்போ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு கட்சி. ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளில் வெண்டைக்காய்க்கு 'கி ங்கொம்போ' என்பதை ஒட்டிய சொற்கள் உண்டு, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு காயும் சொல்லும் வந்தன என்பது ஒன்று. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான சாக்டா மக்களின் மொழியில் சாசஃப்ராஸ் இலைத்தூளுக்கு 'கொம்போ' என்று பெயர், அதிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. அறிஞர்களில் பெரும்பாலோர் முதல் கட்சி. எது எப்படியோ, பானையில் விழும் இரண்டு வழவழப்புக்கும் ஏறக்குறைய ஒரே ஓசையில் பெயர் இருந்திருக்கிறது. ஒன்று கடல் தாண்டி வந்தது, மற்றது இந்த மண்ணிலேயே இருந்தது.

இலையைத் தூளாக்கிச் சமையலில் போடும் வழக்கம் சாக்டா மக்களுடையது. அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 19-ஆம் நூற்றாண்டில் நியூ ஆர்லியன்ஸின் பிரெஞ்சு சந்தையில் சாக்டா பெண்கள் தரையில் அமர்ந்து கூடைகளும் மூலிகைகளும் இந்தத் தூளும் விற்றிருக்கிறார்கள். எங்கள் ஊருக்கு அருகில் உள்ள பாயூ லகூம் கரையிலும் அவர்களுடைய குடியிருப்பு இருந்தது. பாயூ என்றால் மெதுவாக ஊரும் சதுப்பு ஓடை. டேவிட் புஷ்னெல் என்ற ஆய்வாளர் அங்கே வந்து தங்கி, அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றி எழுதியது 1909-இல் வெளியானது. இலையைக் காயவைத்து, இடித்து, சலித்துப் பயன்படுத்தியதையும் அவர் பதிவுசெய்திருக்கிறார். அதைப் படித்தபோது எங்கள் கொட்டகையில் நடந்ததை யாரோ எழுதிவைத்தது போலிருந்தது.

அவர் வந்தபோது அங்கே மிச்சம் இருந்தவர்கள் மிகச் சிலர். 1830-இல் கையெழுத்தான 'டான்சிங் ராபிட் கிரீக்' ஒப்பந்தத்தின் மூலம் மிசிசிப்பியில் இருந்த சாக்டா மக்களின் நிலம் பறிபோய், பெரும்பாலோர் மேற்கே இப்போதைய ஓக்லஹோமாவுக்குத் துரத்தப்பட்டார்கள். வழியில் குளிரிலும் காலராவிலும் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். ஃபீலே இல்லாத கம்போவை நினைக்க முடியாது என்று இந்த மாநிலமே பெருமைப்படுகிறது, ஆனால் அதைக் கொடுத்தவர்கள் பெயரைப் பாட்டிலின் மேல் நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. எனக்கு அது ஆறவில்லை. பாட்டியின் பாட்டி சாக்டா. அவருக்கு அந்த மொழியில் மிச்சம் இருப்பது பத்துப் பதினைந்து சொற்கள்தான்.

இலை இப்படி உள்ளூர்க்காரர்களின் சமையலோடு நின்றது. ஐரோப்பியர்கள் ஓடியதெல்லாம் வேருக்காக.

ஸ்பெயினின் செவில் நகரத்து மருத்துவர் நிக்கோலாஸ் மோனார்டஸ் அமெரிக்காவை எட்டிப் பார்த்ததே கிடையாது. துறைமுகத்துக்கு வரும் சரக்கையும் வருகிறவர்கள் சொல்வதையும் வைத்தே புது உலகத்து மூலிகைகளைப் பற்றி எழுதினார். 1574-இல் வந்த அவருடைய நூலில் சாசஃப்ராஸ் கிட்டத்தட்ட எல்லா நோய்க்கும் மருந்து. ஃப்ளோரிடாவில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் காய்ச்சலில் விழுந்தபோது, அங்கிருந்த பூர்வகுடிகள்தான் இந்த வேரைக் காட்டினார்கள் என்கிறார். 1577-இல் அது ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது ஐரோப்பாவைப் பிடித்து ஆட்டிய மேகநோய்க்கு இது கைகண்ட மருந்து என்று பரவியதும், விலை எகிறியது.

1602-இல் பார்த்தலோமியூ கோஸ்னோல்ட் என்ற ஆங்கிலேய மாலுமி கான்கார்ட் என்ற கப்பலில் வந்தார். மாசசூசெட்ஸ் கரையில் உள்ள கேப் காட் முனைக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவர்தான். இப்போது கட்டிஹங்க் என்று அழைக்கப்படும் தீவில் இறங்கி, அவருடைய ஆட்கள் முக்கியமாகச் செய்த வேலை சாசஃப்ராஸ் வெட்டியது. ராத்தலுக்கு மூன்று ஷில்லிங் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பயணக் குறிப்பில் எனக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு. ஒருவர் சிறிய சுறா மீனின் வயிற்றுப் பகுதியை அளவுக்கு மீறிச் சாப்பிட்டு அவதிப்பட, சாசஃப்ராஸ் தூள் கொடுத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் குணமானாராம். அவர்கள் ஊருக்குத் திரும்பியதும் வால்டர் ராலே என்ற ஆங்கிலப் பிரமுகர் கோபப்பட்டார். அந்தக் கரையோர வியாபார உரிமை அவருடையது, சந்தையில் சரக்கு குவிந்தால் விலை விழுமே. அடுத்த ஆண்டே பிரிஸ்டல் வணிகர்கள் மார்ட்டின் பிரிங்கை இரண்டு கப்பல்களோடு இதே வேருக்காக அனுப்பினார்கள்.

மருந்து மோகம் தணிந்ததும் அது பானமாயிற்று. லண்டன் தெருக்களில் விடிகாலை வேலைக்குப் போகிறவர்களுக்குச் சாசஃப்ராஸ் கஷாயத்தில் பாலும் சர்க்கரையும் கலந்து 'சலூப்' என்று விற்றார்கள். அமெரிக்காவில் 1876-இல் பிலடெல்பியா பொருட்காட்சி நடந்த சமயத்தில் சார்ல்ஸ் ஹையர்ஸ் ரூட் பீர் என்ற தன் இனிப்புப் பானத்தைப் பிரபலமாக்கினார். அந்தப் பானத்தின் அடிப்படை வாசனை இந்த வேர்ப்பட்டைதான். இன்றைக்கும் இங்கே பிறந்த யாரிடமாவது சாசஃப்ராஸ் வேரைக் கொடுத்தால் முதலில் வாயில் வருவது "ரூட் பீர்!"

ஆனால் இப்போதைய ரூட் பீரில் அந்த வேர் அப்படியே இல்லை. வேர்ப்பட்டை எண்ணெயில் பெரும்பகுதி சாஃப்ரோல் என்ற பொருள். எலிகளுக்கு அதிக அளவில் கொடுத்துப் பார்த்ததில் கல்லீரலில் புற்றுக்கட்டி வந்தது. 1960-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சாஃப்ரோலையும் சாசஃப்ராஸ் எண்ணெயையும் உணவில் சேர்க்கத் தடை போட்டது. இலையில் சாஃப்ரோல் மிகமிகக் குறைவு, அதனால் ஃபீலேவுக்குச் சிக்கல் வரவில்லை. சாஃப்ரோல் இல்லாத இலை உணவில் அனுமதிக்கப்பட்ட பொருள்தான்.

வேர்த் தேநீரைப் பற்றிப் பாட்டிக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அவருடைய சின்ன வயதில், குளிர்காலம் முடிந்ததும் வீட்டில் எல்லாரும் ஒரு வாரம் சாசஃப்ராஸ் வேர்த் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். குளிர்காலத்தில் ரத்தம் தடித்துவிடும், வசந்தத்தில் அதை நீர்க்கவைக்க வேண்டும் என்ற நம்பிக்கை. அப்பலாச்சியா மலைப்பக்கத்திலும் இதே வழக்கம் இருந்திருக்கிறது. செரோக்கி என்ற பூர்வகுடி மக்களும் ரத்தத்துக்கென்று இதைக் குடித்தார்கள். பாட்டி இப்போதும் மார்ச்சில் ஒரு தடவை சிவப்பாக வேர்த்தண்ணீர் காய்ச்சுகிறார். வாசனை எங்கள் வீட்டுக்குள் வரும், அருமையாகத்தான் இருக்கும். நான் குடிப்பதில்லை, மகளுக்கும் கொடுப்பதில்லை. கல்லீரல் சமாச்சாரத்தில் எனக்கு விளையாட முடியாது. அதை மறைக்காமல் அவரிடமே சொன்னேன். "எனக்கு எழுபத்து நாலு" என்பதுதான் அவருடைய பதில்.

மற்றபடி மரத்தின் எந்தப் பகுதியையும் அந்தக் காலத்து மக்கள் வீணாக்கியதில்லை. இளங்குச்சியின் நுனியை மென்று நாராக்கிப் பல் துலக்கியிருக்கிறார்கள். வேர்ப்பட்டையில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் சாயம் எடுத்திருக்கிறார்கள். கட்டை எடை குறைவு, சீக்கிரம் மக்காது, அதனால் வேலிக்கம்பமாகவும் சிறு படகாகவும் ஆகியிருக்கிறது. மூட்டைப்பூச்சி அண்டாது என்று கட்டில் செய்தார்கள், பேன் வராது என்று கோழிகள் அடையும் கம்பாகவும் வைத்தார்கள். ஐடாவில் விழுந்த மரத்தின் கிளைகளைப் பாட்டியின் தம்பி அறுத்து அவருடைய கோழிக்கூட்டில் நாலு கம்பாகப் போட்டிருக்கிறார். அது பேனை விரட்டுகிறதா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் மழைநாளில் அந்தக் கூட்டுக்குள் தலையை நீட்டினால் கோழி நாற்றத்தை மீறி இன்னும் அந்த மசாலா வாசனை வருகிறது.

வேருக்காகத் தோண்டினால் அந்தக் கன்று போய்விடும். இலைக்காகப் பறித்தால் அடுத்த மாதமே துளிர்க்கிறது. கப்பலில் வந்தவர்கள் பார்த்தது முதலாவதை. கரையில் இருந்தவர்களுக்கு இரண்டும் தெரிந்திருந்தது. இத்தனை படித்த பிறகு எனக்கு ஒட்டிக்கொண்டது இது ஒன்றுதான்.

இப்போது இருக்கும் கவலை வேறு. ஆசியாவிலிருந்து மரப்பெட்டிகளோடு வந்திருக்கலாம் என்று கருதப்படும் ஒரு வண்டு, எள்ளைவிடச் சிறியது, 2002-இல் ஜார்ஜியாவின் சவான்னா அருகே பிடிபட்டது. அது மரத்தைத் துளைத்து உள்ளே ஒரு பூஞ்சையை விதைக்கிறது. மரம் பூஞ்சையைத் தடுக்கப் போய்த் தன் நீர்க்குழாய்களையே அடைத்துக்கொண்டு, சில வாரங்களில் வாடிச் செத்துவிடுகிறது. இந்த லாரல் வாடல் நோயில் இதே குடும்பத்து ரெட்பே மரங்கள் கோடிக்கணக்கில் போய்விட்டன. லூசியானாவில் 2014-இல் வடக்கே யூனியன் பகுதியில் சாசஃப்ராஸ் மரங்களிலேயே கண்டுபிடித்தார்கள். சாசஃப்ராஸில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எந்த வேர்த்தொடர்பால் எங்கள் வேலியில் கன்றுகள் பிழைத்தனவோ, அதே வேர் வழியாக ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்கு நோயும் போகும்.

அதனால் கோடையில் வாரம் ஒரு முறை வேலியோரம் நடக்கிறேன். ஒரு கிளை மட்டும் திடீரென்று வாடித் தொங்குகிறதா, தண்டிலிருந்து பல்குத்தும் குச்சி மாதிரி மரத்தூள் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். சந்தேகம் வந்தால் பட்டையைக் கொஞ்சம் சீவ வேண்டும். உள்ளே வெளுப்பாக இருந்தால் பரவாயில்லை, கறுப்புக் கோடுகள் ஓடினால் நோய். இதுவரை வெளுப்புதான். வெளியூரிலிருந்து விறகு கொண்டுவர வேண்டாம் என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். வண்டு அப்படித்தான் தூரம் கடக்கிறது.

இந்த ஆண்டு இலையை நேற்றுதான் சலித்து முடித்தோம். ஒன்றரை பாட்டில் தேறியது. மகள்தான் இந்த முறை உலக்கை பிடித்தாள், பாதி நேரம். பாட்டி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார், ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்தார். "நரம்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது" என்றார். முழுப் பாட்டிலை அவர் எடுத்துக்கொண்டார். பாதிப் பாட்டில் எங்கள் அலமாரியில், அக்டோபர் கடைசியில் வரும் முதல் குளிர்காற்றுக்காக இருக்கிறது.